துளை போடுவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தனை மகிழ்ச்சி. என் முழங்கால் வலியும் குறைந்துவிட்டது. கால்பலகை வைத்துப் பழையபடி வாசிக்கிறேன்.

கிட்டார் விஷயத்துக்கு வருகிறேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்பதற்காக உன் நைலான் தந்தி கிட்டாரை விற்றுவிட்டு, பிக்கப் (அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் சிறு கருவி) பொருத்திய மலிவான ஒன்றை வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 25 ஆண்டுகள் உன் விரல்களுக்குப் பழகிய கருவி அது. விற்காதே. தந்திகள் அழுந்தி நிற்கும் சேடிலுக்கு அடியில் பிக்கப் வைக்கிறேன் என்று யாரையும் அதில் துளை போடவும் விடாதே.

மின்சார கிட்டாரின் காந்த பிக்கப் நமக்கு உதவாது. நைலான் தந்தி காந்தத்துக்கு வசப்படாது. கீழ் ஸ்தாயித் தந்திகளில் சுற்றியிருக்கும் வெள்ளி பூசிய செம்பும் அப்படியே. மிஞ்சுவது மைக், இல்லாவிட்டால் மரப்பலகையின் அதிர்வையே மின்குறிப்பாக்கும் பீசோ பிக்கப்.

தனியாக வாசிக்கும் நாட்களில் மைக்கே போதும். சிறிய கண்டென்சர் மைக் ஒன்றை கழுத்தின் 12ஆம் ஃபிரெட்டை (குறுக்குக் கம்பியை) பார்த்தபடி ஓரடி தள்ளி வை. ஒலித்துளைக்கு நேரே வைத்தால் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் குமுறும். அந்த மைக்குக்கு 48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், தேவை. மிக்சரில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பார். ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், சபையை நோக்கி இருக்கட்டும்.

தாளக்கருவியோடு வாசிக்கும் நாளில் மைக் அந்தச் சத்தத்தையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். அப்போதுதான் மேற்பலகையில் ஒட்டும் பீசோ வேண்டும். அதை நேரே மிக்சரில் செருகி நான் ஒரு கச்சேரியையே கெடுத்திருக்கிறேன். தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருந்தது, அடிநாதமே இல்லை. பிக்கப் மட்டம் என்று முடிவுகட்டி மூலையில் போட்டுவிட்டேன். குற்றம் அதனுடையது அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. மிக்சரின் லைன் உள்ளீட்டு மின்மறுப்பு (மின்குறிப்புக்கு அது காட்டும் தடை) பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். பீசோவுக்கோ பத்து லட்சம் ஓமாவது வேண்டும். இல்லையென்றால் தாழ்ந்த சுரங்கள் கரைந்துபோகும். நடுவில் அந்த அளவு மின்மறுப்புள்ள ஒரு ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வைத்ததும் அதே பிக்கப்பில் என் கிட்டார் பேசியது! ஆகவே பிக்கப்பில் மிச்சம் பிடித்து, அந்தப் பணத்தை ப்ரீஆம்ப்பில் போடு.

ஒட்டும் இடத்துக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கு. மேற்பலகையில் தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் தொடங்கி விரலளவு விரலளவாக நகர்த்திப் பார். ஓரிடத்தில் கரகரக்கும், இன்னோரிடத்தில் மந்தமாக ஒலிக்கும், திடீரென்று ஓரிடத்தில் கிட்டார் கிட்டாராகக் கேட்கும். அங்கே பென்சிலால் குறிக்காதே. தூரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள். உன்னுடையது அரக்குப் பூச்சு என்று நினைவு. அப்படியானால் பசை அதை உரித்துவிடக்கூடும், உள்பக்கமாக ஒட்டு.

ஊளைச் சத்தம் வந்தால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கொஞ்சம் குறைத்துப் பார். பெட்டியின் காற்று அதிர்வது ஏறத்தாழ அங்கேதான்.

என்னிடம் இன்னொரு ப்ரீஆம்ப் சும்மா இருக்கிறது, இந்த வாரமே அனுப்புகிறேன். அது வந்து சேரும்வரை கிட்டாரை யாரிடமும் விலை பேசாதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி