ரோசெஸ்டர் கல்லறைத் தோட்டத்துல புல்லு வெட்டச் சொல்லாதீங்க: அயோவா தமிழ் மக்களுக்கு ஒரு மடல்

அயோவால இருக்குற தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

சீடர் கவுண்டில, ஐ-80 நெடுஞ்சாலைல இருந்து கொஞ்சம் தள்ளி ரோசெஸ்டர்னு ஒரு சின்ன ஊரு. அங்க சுமார் 13 ஏக்கர்ல ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கு. பாத்துட்டு வந்த நம்மாளுங்க சிலபேரு "இப்படி புதர் மண்டிக் கிடக்கே, டவுன்ஷிப்ல (உள்ளூர் நிர்வாகத்துல) சொல்லி கிளீன் பண்ணச் சொல்லணும்"ங்கிறாங்க. தயவுசெஞ்சு அப்படிக் கேக்காதீங்க. அது புதர் இல்ல, அயோவாவோட பழைய புல்வெளில மிஞ்சின ஒரு துண்டு. அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு.

1832ல பிளாக் ஹாக் போர் முடிஞ்சதும் மிசிசிப்பிக்கு மேக்கால இருந்த நெலத்த சாக், மெஸ்க்வாக்கிங்கிற பூர்வகுடி மக்கள்கிட்ட இருந்து அமெரிக்க அரசாங்கம் எழுதி வாங்கிருச்சு, அடுத்த வருஷம் ஜூன்ல குடியேற வர்றவங்களுக்குத் தொறந்தும் விட்டுட்டாங்க. (மெஸ்க்வாக்கி மக்கள் 1857ல சொந்தக் காசு போட்டு டாமா பக்கம் நெலம் வாங்கினாங்க, இன்னைக்கும் அங்கதான் இருக்காங்க, நம்ம பிள்ளைங்களுக்கு இதையும் சொல்லுங்க.) வண்டி கட்டி வந்த குடும்பங்க கண்ணுல பட்டதெல்லாம் ஆள் ஒசரத்துக்கு மேல வளர்ற புல்லுதான், மாநிலத்துல அஞ்சுல நாலு பங்கு பிரெய்ரிங்கிற அந்தப் புல்வெளிதான். வேரு ஆழமா பின்னிக் கெடந்த அந்த மண்ணு பழைய ஏருக்கு மசியல. 1837ல ஜான் டியர் இல்லினாய்ல எஃகு கலப்பை செஞ்சாரு, அப்புறம் ஒரு மனுஷ ஆயுசுக்குள்ள மொத்தமும் மக்காச்சோளக்காடு ஆயிருச்சு, இன்னைக்கு ஆயிரத்துல ஒரு பங்குகூட மிச்சமில்ல.

மிஞ்சின கொஞ்சநஞ்சத்துல ஒண்ணு இந்தக் கல்லறைத் தோட்டம். பொதைச்ச எடத்துல யாரும் ஏர் ஓட்டல, அவ்வளவுதான் காரணம். அந்த மணல் மேட்டுல நூத்துக்கணக்கான வகைச் செடி இருக்கு, குடியேறுனவங்க வர்றதுக்கு முன்னாடியே நின்ன ஓக் மரங்களும் இருக்கு. அங்க அடக்கமானவங்க வாழ்ந்த காலத்துல பாத்த அதே பூவு அவங்க கல்லச் சுத்தி இன்னும் பூக்குது, எந்த நினைவுச் சின்னத்தையும் விட இது பெருசுன்னு நான் நம்புறேன். மாசாமாசம் மெஷின் விட்டு வெட்டுனா சில வருஷத்துல வெறும் லான் ஆயிரும். இந்த மாதிரி புல்லுவெளிக்கு அப்பப்ப தீ வைக்கணும், இல்லன்னா கண்ட மரமும் முளைச்சு புல்ல மறைச்சிரும், ஓக்குக்குப் பட்டை தடிமன், அது தாங்கிக்கும்.

அங்க தாத்தா பாட்டிய பொதைச்ச உள்ளூர்க் குடும்பங்கள்ல சிலபேரு சுத்தமா வெட்டி வைக்கணும்னு கேக்குறாங்க, அவங்க வருத்தம் நியாயமானது, அது அவங்களும் டவுன்ஷிப்பும் பேச வேண்டியது. நாம அதுல புகார் மனு போட வேண்டாம்.

மே மாசம் ஷூட்டிங் ஸ்டார்ங்கிற காட்டுச்செடி பூக்கும், அப்ப குடும்பத்தோட போங்க. பாதைய விட்டு எறங்காதீங்க, பூவப் பறிக்காதீங்க, கல்லு மேல சாயாதீங்க.