பாட்டைத் திருத்தித் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சொந்தமாகப் பாட்டெழுதி, அதற்கு மெட்டும் நானே போட்டு, ஒரு கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடத் தொடங்கி இந்த ஆண்டோடு 25 ஆண்டுகள் நிறைகின்றன. பொங்கல் முடிந்த கையோடு கம்பத்தில் தொடங்கிய இந்த ஆண்டுப் பயணம், 38 ஊர்களைச் சுற்றிவிட்டுச் சித்திரை பிறந்த வாரத்தில் நாகர்கோவிலில் முடிந்தது. வீடு திரும்பியதும் பெட்டியைக்கூடத் திறக்காமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். திறந்தால் துவைக்க வேண்டிய துணி கண்ணில் படும், பிறகு மடல் எழுதிய மாதிரிதான்.

மேடையில் நன்றி சொல்லும்போது அழைத்தவர்களுக்கும் கைதட்டியவர்களுக்கும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். அவர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் "இந்த இடம் சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லி என் பாட்டைத் திருத்தித் தந்தவர்களுக்கு இதுவரை முறையாக ஒரு நன்றி சொன்னதில்லை. இந்த மடல் அவர்களுக்கானது. பெயரைப் போடவேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையுமே போடவில்லை.

முதலில் என் தந்தையார். மூணாறு மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். 1957 தேர்தலில் தேவிகுளம் தொகுதியில் பொதுவுடைமைக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-ல் இடைத்தேர்தல் நடந்தபோது அப்பாவுக்குப் பதினோரு வயது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், அந்தக் கட்சிக்காக ஆர்மோனியத்தோடு மலையேறி வந்து தோட்டம் தோட்டமாகப் பாடிய தேர்தல் அது. காங்கிரசின் இரட்டைக்காளைச் சின்னத்தைக் கேலி செய்து அவர் கட்டிய பாட்டைக் கேட்டு, வேலை வாங்கும் கங்காணிக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு ஆட்கள் சிரித்ததை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ரோசம்மா மீண்டும் வென்றார். பாவலரோ, தம்பி இளையராஜா இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' 1976-ல் வெளியாவதைப் பார்க்க இல்லாமலே போய்விட்டார். தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தானே பாடி, மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிற ஒரு மனிதர் இருந்தார் என்று எனக்குத் தெரிந்தது அப்பாவின் வாய்வழியாகத்தான். அந்தப் பிழைப்புக்கு ஆங்கிலத்தில் 'சிங்கர்-சாங்ரைட்டர்' என்று ஒரு பெயர் இருப்பதும், கிதார் வைத்துக்கொண்டவர்களை அப்படி அழைப்பார்கள் என்பதும் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். என் தொடக்ககாலப் பாட்டுகளில் ஒவ்வொரு வரியும் ஒரு முழம் நீளும். ஒருநாள் என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மலையேறிக்கிட்டே பாட முடியலைன்னா அது என்னடி பாட்டு?" என்றார். முதுகில் கூடையோடு ஏறுகிறவளுக்கு நாலு அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கும், அந்த இடத்தில் வரி முடிந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து புதுப் பாட்டு எழுதினால் மொட்டைமாடிப் படியில் ஏறியபடியே பாடிப் பார்க்கிறேன். மூச்சு முட்டுகிற வரியை அடித்துவிடுகிறேன்.

அதே மலையில் இன்னொரு அக்காவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். கொழுந்தைக் கிள்ளும் விரல்களைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருந்தேன். நகரத்து மேடைகளில் நன்றாக எடுபட்ட பாட்டு என்பதால் அதன்மீது எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. லயத்து வாசலில் அதைப் பாடி முடித்ததும் அவர், "இப்ப யாரு கிள்ளுறா? கத்தரி வச்சுத்தானே வெட்டுறோம். விரல்வலி போயி தோள்வலி வந்தாச்சு" என்றார். உள்ளே போய், தட்டு பொருத்திய அந்தப் பெரிய கத்தரியை எடுத்துவந்து காட்டினார். இரண்டு வெட்டு வெட்டினால் கொழுந்து தட்டில் விழுகிறது, மூன்றாவது அசைவில் அதைத் தோளுக்குப் பின்னால் சாக்கில் கொட்டுகிறார். வெட்டு, வெட்டு, கொட்டு. என் பாட்டு நாலு நடையில் இருந்தது, அவர் கை மூன்று நடையில் போய்க்கொண்டிருந்தது. அன்று இரவே விரல்களை எடுத்துவிட்டுத் தோளை வைத்து, பாட்டு முழுவதையும் மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்கு மாற்றினேன். என் அம்மா காலத்து வேலையையே இன்றைய வேலை என்று நினைத்துக்கொண்டு பத்து வருடமாகப் பாடிவந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மைக்செட் அண்ணன்களைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். திருவாரூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில், ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பல்லவி 'ப'வில் தொடங்குவதைக் கேட்ட ஒருவர் காதைப் பிடித்துக்கொண்டார். உதடு ஒட்டிப் பிரிகிற எழுத்தை மைக்குக்கு நேராகப் போட்டால் ஒலிபெருக்கியில் வெடி வெடித்ததுபோல் கேட்கும் என்றும், ஒன்று முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். யாப்பிலக்கணத்தில் முதலெழுத்து ஒன்றிவரும் மோனையைப் படித்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

எல்லாத் திருத்தத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்று கற்றுத் தந்தவர், மயிலாடுதுறையில் எனக்கு இரண்டு கோடை விடுமுறைகள் பாட்டுச் சொல்லிக்கொடுத்த இசை ஆசிரியர். அதே ஊரில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், தாம் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலைப் பாராட்டும் முகப்புச் செய்யுள், கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். பாட்டில் இலக்கணப் பிழைகள் இருப்பதாகக் கருதிய பிள்ளையவர்கள் நாளைத் தள்ளிக்கொண்டே போனார். ஒருநாள் பாரதியார் தம் பாட்டைத் தாமே பாடக் கேட்டு மனம் கரைந்து எழுதிக்கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் பதிவுசெய்திருக்கும் நிகழ்ச்சி இது. இதைச் சொல்லிவிட்டு, அந்தக் கீர்த்தனையிலிருந்து மாஞ்சி ராகத்து 'வருகலாமோ'வை என் ஆசிரியர் பாடினார். தீண்டாமையால் கோயிலுக்குள் போகமுடியாத நந்தனார், வாசலுக்கு வெளியே நின்று, "உள்ளே வரலாமா?" என்று மட்டும் கேட்கிற பாட்டு. அந்த ஒரு கேள்விக்குள்ளேயே வழக்கு முழுவதும் இருக்கிறது, அதற்கு மேல் நீ எதையும் விளக்கவேண்டாம் என்றார். அதற்குப் பிறகு என் பாட்டுகளிலிருந்து நான் வெட்டியெறிந்த விளக்கச் சரணங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய இருக்கின்றன.

ஏழு ஆண்டுகளுக்கு முன் குரல்நாணில் முடிச்சு விழுந்து மூன்று மாதம் வாய்திறக்கக் கூடாது என்று ஆனபோது, கத்தியில்லாமலே குணமாக்கிய மருத்துவருக்கும், தண்ணீரை ஊதிப் பழகும் குரல்பயிற்சியைப் பொறுமையாகக் கற்றுத்தந்த தங்கைக்கும் நன்றி. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்த நான் இன்று நாலரைக் கட்டைக்குக் குரலை இறக்கிப் பாடுகிறேன். இப்போதுதான் சொல் தெளிவாகக் கேட்கிறது என்று பலரும் சொல்வதால் எனக்கு வருத்தமில்லை. ஒருமுறை, நிகழ்ச்சி முடிவதற்குள் அழைத்தவர்கள் பணம் தராமல் கிளம்பிவிட, பந்தல்காரரே இட்லி வாங்கிக்கொடுத்துப் பேருந்துக் காசும் தந்து என்னை அனுப்பிவைத்தார். கிதாருக்கும் ஒரு சீட்டு எடு என்று கேட்காமல் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைக்க இடம் கொடுத்த நடத்துநர்களை எண்ணி முடியாது. (கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.)

கடைசியாக, வால்பாறைப் பேருந்து நிலையத்தில் சந்தித்த ஓர் அக்காவுக்கு. சென்ற மாசி மாதம், முந்தின இரவு நிகழ்ச்சியைக் கேட்டதாகச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். மழையைப் பற்றிய பாட்டில் மூன்றாம் சரணத்தில் ஒரு சொல் தப்பு, எங்கள் பக்கம் அதை அப்படிச் சொல்லமாட்டோம் என்றீர்கள். எந்தச் சொல் என்று கேட்பதற்குள் உங்கள் பேருந்து வந்துவிட்டது, சன்னலிலிருந்து கையை மட்டும் ஆட்டினீர்கள். அதற்குப் பிறகு பாடிய எல்லா ஊர்களிலும் அந்தச் சரணம் வரும்போது சொல் சொல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் பாடினேன். ஆடி மழைக்கு முன் மறுபடியும் வால்பாறைக்கு வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பாட்டுக்காரி