ஞாயிறு பத்து மணிக்கு வந்த அக்காவுக்கு

பங்குத்தந்தை அவர்களுக்கும், எங்கள் அன்பியத்து (அக்கம்பக்கத்துச் செபக் குழு) அக்காமார் அண்ணன்மாருக்கும், பங்கு மக்கள் எல்லாருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நன்றி சொல்லச் சொல்லிச் சாமியார் என் கையில் மைக்கைக் கொடுத்தார். எனக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அன்று தொண்டையில் நின்றுபோனதை இங்கே எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து அம்மா 14 மாதம் படுக்கையில் கிடந்தார். முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த அன்பியத்துப் பெண்களுக்கும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுத்த சிஸ்டருக்கும், பெரிய வியாழனன்று அம்மாவை நாற்காலியோடு தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோன நான்கு தம்பிகளுக்கும் நன்றி. கடைசி இரவு மூன்று மணிக்குக் கதவைத் தட்டியதும், சட்டையைக்கூட மாற்றாமல் ஓடிவந்து சாகும் வேளையில் கொடுக்கும் நற்கருணை அப்பமான வழியுணவை அம்மாவுக்குக் கொடுத்த சாமியாருக்கு நன்றி.

இந்த மடல் முக்கியமாக இன்னொருவருக்கு. பெயர் போடக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்காவின் அண்ணனும் என் அப்பாவும் ஒரே வள்ளத்தில் பங்கு. எஞ்சின் கடனில் தொடங்கிய பேச்சு முற்றி, வள்ளத்தை விற்று, இரண்டு வீடும் பேச்சை நிறுத்திக்கொண்டன. அப்பா போன பிறகும் அது அப்படியே நின்றது. மொத்தம் 11 வருடம். ஒரே கோயில், ஒரே பூசை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர்கள் பக்கம் கண் போகாதபடி வேறு பக்கம் திரும்பிக் கைகூப்புவேன். அடுத்த நிமிடம் அதே வரிசையில் நின்று நன்மை (நற்கருணை) வாங்குவேன். கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவில் பவுலடியாரின் வாசகத்தை நானே வாசித்திருக்கிறேன். அப்பம் ஒன்றுதான், அதில் பங்குகொள்வதால் பலராகிய நாம் ஒரே உடல் என்று கொரிந்தியருக்கு அவர் எழுதியது. வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கும் பணியாளர் பட்டியலில் எங்கள் தெரு அக்காவுக்கு வந்தது. சாமியாரிடம் சொல்லி ஆளை மாற்றலாம் என்றான் தம்பி. அம்மாவுக்குப் பேச்சு பாதி போயிருந்தது. அந்தப் பாதிப் பேச்சில் "வரட்டும்" என்றார்.

முதல் ஞாயிறு பத்து மணிக்கு அக்கா வந்தார். கழுத்தில் தொங்கிய சிறு பையில் நற்கருணைச் சிமிழ். வெள்ளைத்துணி விரித்து மெழுகுதிரி ஏற்றியது தம்பி. நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "விண்ணகத் தந்தையே" செபத்தை அங்கே நின்றபடியே சொன்னேன். "நாங்கள் பொறுப்பதுபோல" என்ற இடம் வந்தபோது வாய் மூடிக்கொண்டது. அவர்கள் இருவர் குரலும் மட்டும் கேட்டது, அம்மாவுடையது குழறலாக.

அம்மாவுக்கு விழுங்கச் சிரமம் கூடியபோது அக்கா அப்பத்தில் மிகச் சிறிய துண்டைப் பிட்டு நாவில் வைத்து, ஒரு கரண்டி தண்ணீர் கொடுப்பார். அது இறங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். துகளானாலும் ஆண்டவர் முழுசாய் வருகிறார் என்பார். நாலைந்து மாதம் கழித்து அந்தக் கரண்டியை நான் பிடிக்க ஆரம்பித்தேன். யாரும் கூப்பிடவில்லை. அம்மாவின் தலையைத் தாங்க ஒரு கை வேண்டியிருந்தது, போனேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்து காலத்தில் ஒரு ஞாயிறு. மூன்று வாரமாக நான் பூசைக்குப் போக முடியவில்லை. அக்கா அப்பத்தைப் பிட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இப்போதுதான் டீ குடித்தேன் என்றேன். எங்கள் ஆச்சி காலத்தில் நன்மை வாங்க நடுச்சாமத்திலிருந்து உபவாசம். 1957இல் அது மூன்று மணி நேரமாகவும் 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. நோயாளிகளுக்கு மட்டுமல்ல, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டாயம் இல்லை என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். ஆமென் என்று சொல்ல எனக்கு நேரமாயிற்று. அவர் காத்திருந்தார். அம்மா வாங்கிய அதே அப்பத்தின் மறுபாதியை, 11 வருடம் நான் முகம் பார்க்காதவரின் கையிலிருந்து வாங்கினேன். அன்றுதான் "இருங்க அக்கா, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

பூசைக்கு வர முடியாதவர்களுக்கு நற்கருணையைத் திருத்தொண்டர்கள் கொண்டுபோனதைப் புனித ஜஸ்டின் இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். அதே பத்தியில், வழிபாட்டில் சேரும் காணிக்கை அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையிலிருப்போர் கைக்குப் போனதையும் சொல்கிறார். குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரும் இப்படி நற்கருணை கொடுக்கலாம் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1973இல், வழி திறந்தது. அந்த வழி திறந்திருக்காவிட்டால் அக்கா எங்கள் வாசற்படி ஏறியிருக்கவே மாட்டார்.

அம்மாவின் பெட்டியைத் தூக்கியபோது முன்பக்கம் வலது தோள் கொடுத்தது அக்காவின் அண்ணன். மாமா, அன்று எங்கள் தம்பி உங்களைக் கட்டிப்பிடித்து அழுததோடு சரி. இன்னும் நன்றி சொல்லவில்லை. சேர்த்து நான் சொல்கிறேன். கடன் கணக்கில் இன்னும் பேச வேண்டியது இருக்கிறது. அதையும் உட்கார்ந்து பேசுவோம், வீட்டுக்கு வாருங்கள்.

அம்மாவின் வெள்ளைத்துணியையும் மெழுகுதிரித் தண்டையும் துவைத்துத் துலக்கி அன்பியத்தில் கொடுத்திருக்கிறேன். கிழக்குத் தெருவில் ஒரு பாட்டிக்கு இடுப்பு முறிந்திருக்கிறதாம். வரும் ஞாயிறு அக்கா அங்கே போகிறார். தண்ணீர்க் கரண்டி பிடிக்க நானும் கூடப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் பங்கின் மகள்