அங்கன்வாடி பெற்றோர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், டீச்சருக்கும், ஆயாம்மாவுக்கும், வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். குழந்தைகள் தினத்தில் மாறுவேடப் போட்டி நடந்தது. பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை டேப்லெட்தான். டீச்சரின் செல்போனில் போஷன் டிராக்கர் என்ற அரசு ஆப் இருக்கிறது. வருகை, எடை, உயரம் எல்லாம் அதில் ஏற்ற வேண்டும், பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. அதனால் சங்கப் பணத்தில் பழைய டேப்லெட் ஒன்றும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கினோம். "வீட்டிலேயே நாள் முழுக்க செல்போன்தான், இங்கேயுமா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரக் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. முதல் மாதம் பாட்டு வீடியோ போட்டது எங்கள் தப்புதான். பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள், யாரும் கூடப் பாடவில்லை. நிறுத்தினால் அழுகை.

அப்புறம் டேப்லெட்டில் கேமராவையும், பாட்டி தாத்தாக்கள் சொல்லும் கதையைப் பதிவு செய்ய ரெக்கார்டரையும் மட்டும் வைத்துக்கொண்டோம். சத்துமாவு உருண்டைத் துணுக்கை இழுத்துப்போன எறும்பை ஒரு பையன் படம் எடுத்தான். பெரிதாக்கிக் கால்களை எண்ணினோம். அவன் நாலு என்றான், இன்னொருத்தி எட்டு என்றாள். ஆறு என்று முடிவாகக் கால் மணி நேரம் ஆனது. பிறகு டேப்லெட்டை விட்டுவிட்டு எல்லோரும் தரையில் குப்புறப் படுத்து நிஜ எறும்பைத் தேடினார்கள். சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு குழந்தை, ஸ்பீக்கரில் நரிக் கதை வந்ததும் "எங்க அப்பாயி!" என்று எழுந்து நின்றாள். மிச்சக் கதையை அவளே சொன்னாள்.

பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து, "இது என்ன? எங்கே போகுது?" என்று கேட்டால்தான் இதெல்லாம் நடக்கும். வாரம் ஒரு மணி நேரம் முறை வைத்து வர 12 பேர் பெயர் கொடுத்தீர்கள். ஜூலையில் எட்டுப் பேர் வந்தீர்கள். தீபாவளிக்குப் பிறகு நானும் இன்னொரு அம்மாவும்தான். வேலை எல்லோருக்கும் இருக்கிறது. நானும் தையல் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் வந்தேன். வர முடியாவிட்டால் ஒரு போன் செய்திருக்கலாம்.

வரவில் பெரும்பகுதி டேப்லெட்டுக்கும் வெள்ளையடிக்கவும் போனது, கையிருப்பு சொற்பம். கணக்கு நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். மாதச் சந்தா 50 ரூபாய் பாதிப் பேருக்கு மேல் பாக்கி. ஸ்பீக்கருக்குப் புது சார்ஜர் என் கைக்காசில் வாங்கியது.

கதை சொன்ன பாட்டி தாத்தாக்களுக்கும், இடையூறு பார்க்காமல் இடம் கொடுத்த டீச்சருக்கும், தலைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு யார் செயலாளராக இருந்தாலும் டேப்லெட் பீரோவில் பூட்டிக் கிடக்கக் கூடாது. வியாழக்கிழமை பத்தரை மணிக்கு நான் வருவேன். மற்ற நாலு நாளுக்கும் ஆள் வேண்டும். நோட்டு மேசையில் இருக்கிறது, போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்