பல்லுக்கு ஆகும், வெள்ளிக்கு ஆகாது

கும்பகோணம்

அன்புள்ள சீனு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலிக்கு எண்ணெய் தடவுவதை விட்டுவிட்டு ஒருவழியாக டாக்டரிடம் போனாயே, அதுவே பெரிய சேதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கடைக்குள் ஈரம் ஏறிவிடுவதால் வாட்ச் பிரிக்கிற வேலையை மத்தியானத்துக்குத் தள்ளிவைக்கிறேன். வேலை என்று பெரிதாக என்ன இருக்கிறது? வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு பாட்டரி, மற்றவர்களுக்கு வார். எப்போதாவது ஒருத்தர் சாவி கொடுக்கிற வாட்ச் கொண்டுவந்தால் அன்றைக்கு நான் சாப்பிட வர நேரமாகும் என்று உன் தங்கச்சிக்குத் தெரிந்துவிடும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வெள்ளி விளக்கு, இஸ்திரிப் பெட்டி, குளியலறைக் குழாய், கார் முன்விளக்கு என்று வீடு முழுக்கப் பல் தேய்க்கிற பேஸ்ட்டைப் போட்டுத் தேய்க்கிறாள் என்றும், அம்மாவின் குங்குமச்சிமிழைக் கையில் எடுத்தபோது நீ தடுத்ததில் வீட்டில் லேசாக மனத்தாங்கல் என்றும் எழுதியிருக்கிறாய். "நீயே கடையில் ஒரு ட்யூப் வைத்திருப்பாயே, நீ சொல்" என்று என்னை நடுவராக்கிவிட்டாய். மருமகள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ட்யூபைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்துப் பார். நம்மூர் வெள்ளைப் பேஸ்ட் பலவற்றில் முதலில் வருவது கால்சியம் கார்பனேட். சாக்பொடி என்று வைத்துக்கொள். அப்புறம் ஸார்பிட்டால், அது பேஸ்ட் காய்ந்து போகாமல் ஈரம் பிடித்துவைக்கும், தித்திப்பும் அதனால்தான் பாதி. நுரைக்கு சோடியம் லாரில் சல்ஃபேட், கெட்டியாக நிற்க ஒரு பசை, வாசனைக்குப் புதினா. ஜெல் என்று கண்ணாடி மாதிரி வருவதில் சாக்பொடிக்குப் பதில் சிலிக்கா. நுரைதான் அழுக்கை எடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். எண்ணெய்ப் பிசுக்குக்கு நுரை கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். கறையும் கறுப்பும் போவது அந்தப் பொடி தேய்ப்பதால். அதாவது உப்புத்தாள் செய்கிற வேலையை ரொம்ப நைசாகச் செய்வது.

இதில் புதுசாகவும் ஒன்றுமில்லை. உங்கள் பாட்டி அடுப்புச் சாம்பலில் ஒரு கை அள்ளிப் பாத்திரத்துக்குப் போடுவார், ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் தேய்த்துக்கொள்வார். செங்கல்பொடி வெண்கலப் பானைக்கும் ஆகும், தாத்தாவின் பல்லுக்கும் ஆகும். நம் பக்கம் உமிக்கரி இல்லாத கொல்லைப்புறம் உண்டா? நெல் உமியில் இருப்பதும் சிலிக்காதான். எரித்த சாம்பலில் பெரும்பங்கு அதுவே. இன்றைக்கு ஜெல் பேஸ்ட்டில் இருப்பதும் அந்த வகையறாதான், சுத்தம் செய்து சன்னமாக்கியது. பல்லுக்கும் பாத்திரத்துக்கும் ஒரே பொடி என்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். இப்போது ட்யூபில் வருகிறது, விலை கூடிவிட்டது.

ஆனால் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. "வாயில் வைக்கிற சாமான், எதைக் கெடுத்துவிடப் போகிறது?" என்று உன் மருமகள் கேட்டாளாமே, எல்லோரும் கேட்பதுதான். உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் மேல்பூச்சு. தாதுக்களின் கெட்டித்தனத்தை ஒன்றிலிருந்து பத்துவரை அளக்கிற மோஸ் அளவில் பல் எனாமல் 5. சாக்குக்கட்டியின் தாதுவான கால்சைட் 3. அதனால்தான் அது பல்லைக் கீறுவதில்லை. தங்கமும் வெள்ளியும் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில். பித்தளை கிட்டத்தட்ட 3. பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல்லுக்குச் சாதுவாக இருப்பது தங்கத்தைக் கீறும். பல்லிலேயே ஈறு இறங்கி வேர் தெரிந்தவர்களுக்கு உள்பகுதி மெத்தென்று இருக்கும். அது எவ்வளவு தேய்கிறது என்று பார்த்துத்தான் பேஸ்ட்டுக்கு ஆர்.டி.ஏ. என்று ஒரு எண் போடுவார்களாம். 250-ஐத் தாண்டக் கூடாது என்பது உலகத் தரக் கணக்கு. வாட்ச் ரிப்பேருக்கு வந்த ஒரு பல் டாக்டர் இதைச் சொன்னார். "பளிச் வெண்மை" என்று விற்பதில் சில இன்னும் முரட்டுத்தனமாகத் தேய்க்கும் என்றும் சொன்னார். மருமகள் எந்த ட்யூபை எடுத்தாள் என்று கேட்டுப் பார்.

என் கடையில் பேஸ்ட் எதற்கு என்றால், ஒரே ஒரு வேலைக்கு. உன்னிடம் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா இருக்கிறதல்லவா, 17 கல், சாவி கொடுப்பது? அதன் கண்ணாடி கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். நாள்பட்டால் மேலெல்லாம் மயிரிழைக் கீறலாகி, மணி பார்க்க வாட்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பேஸ்ட் அருமையான மருந்து. வாரைக் கழற்றிவிட்டு, கேஸ் ஓரம் முழுக்கச் சுற்றி டேப் ஒட்டுவேன். சாவி திருகுகிற தலைப் பக்கம் இரண்டு சுற்று. பேஸ்ட்டும் தண்ணீரும் உள்ளே இறங்கினால் ரிப்பேர் செலவு வாட்ச் விலையைத் தாண்டும். துவைத்துத் துவைத்து மெலிந்த பனியன் துணியை விரலில் சுற்றி, துளிப் பேஸ்ட் எடுத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் கண்ணாடி இன்னும் மங்கலாகும், பயப்படக் கூடாது. பேஸ்ட் காய்ந்து பொடியாகிற சமயத்தில் ஈரத்துணியால் துடைத்தால் டயலில் இருக்கிற இந்தி எழுத்துவரை தெரியும். நகத்தை ஓட்டிப் பார்த்து, நகம் தட்டுகிற கீறலாக இருந்தால் இந்த வேலையையே எடுக்க மாட்டேன். அதற்குப் புதுக் கண்ணாடிதான். இப்போது வருகிற வாட்ச்சுகளில் மினரல் கண்ணாடி, சஃபையர் கண்ணாடி. சஃபையர் மோஸில் 9. அதில் நாள் முழுக்கப் பேஸ்ட் தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. இப்போது காலேஜ் பையன்கள் தாத்தா பெட்டியில் கிடந்த எச்.எம்.டி.யைத் தேடி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 1961-இல் பெங்களூரில் ஜப்பான்காரர் சிட்டிசனோடு சேர்ந்து தொடங்கியது. 2016-இல் கடைசியாக மூடினார்கள். மூடின பிறகுதான் மவுசு. நீ உன்னுடையதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே.

வெள்ளி விஷயத்தில் நான் உன் பக்கம். வெள்ளி கறுப்பது அழுக்கால் இல்லை. காற்றிலும் கையிலும் உணவிலும் இருக்கிற கந்தகத்தோடு சேர்ந்து மேல்தோல் வெள்ளி சல்ஃபைடாக மாறிவிடுகிறது. அந்தக் கறுப்பிலேயே வெள்ளி இருக்கிறது. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கறுப்போடு அந்த வெள்ளியும் துணியில் ஒட்டிக்கொண்டு போகும். துணி கறுத்திருப்பதைப் பார்த்து "எவ்வளவு அழுக்கு!" என்று சந்தோஷப்படுகிறோம். ஒரு தடவைக்கு ஒன்றும் தெரியாது. வருஷா வருஷம் தீபாவளிக்கும் சரஸ்வதி பூஜைக்கும் தேய்த்த வீட்டில் போய்ப் பார், தட்டில் கஜலட்சுமியின் மூக்கு மழுங்கியிருக்கும், யானைக்குத் தும்பிக்கை தெரியாது. உன் அம்மாவின் சிமிழில் அடியில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறதே, பாத்திரக்கடையில் உட்கார்ந்து அந்தக் காலத்து ஆள் உளியால் தட்டித் தட்டிப் பொறித்தது. அது ஆழமே இல்லை. மருமகளிடம் சிமிழின் மற்ற பக்கத்தைக்கூடச் சொல்லாதே, அந்தப் பெயரை மட்டும் காட்டு, புரிந்துகொள்வாள். முலாம் பூசின சாமான் என்றால் கேட்கவே வேண்டாம், இரண்டு தேய்ப்பில் அடியில் பித்தளை எட்டிப் பார்க்கும்.

அப்போது வெள்ளியை என்னதான் செய்வது என்றால், தேய்க்காத வழி ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் அலுமினியத் தாளைப் பளபளப்பு மேலே தெரிய விரித்து, நல்ல கொதி தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் ஆப்பசோடா போட்டு, விளக்கைத் தாளில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். தாளில் படுவது முக்கியம். அழுகின முட்டை வாடை லேசாக வரும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தின் பக்கம் போகிறது என்று அர்த்தம். வெள்ளி இருந்த இடத்திலேயே மறுபடி வெள்ளியாகும், தாள்தான் கறுக்கும். சில நிமிஷத்தில் எடுத்துக் கழுவித் துடைத்துவிடலாம். கல் பதித்தது, முத்து வைத்தது, உள்ளே அரக்கு ஊற்றினது, வேலைப்பாட்டுக்காக வேண்டுமென்றே கறுப்பேற்றினது, இதையெல்லாம் அதில் போடக் கூடாது. லேசாக மங்கியிருந்தால் நம் வீட்டுப் பழக்கப்படி நைசான திருநீறு போட்டு மெல்லத் துடைத்தால் போதும். அதுவும் தேய்ப்புதான், ஆனால் கை மெதுவாகப் போகும், சாமி சாமான் என்ற பயமும் இருக்கும். பித்தளைக்கும் செம்புக்கும் புளி இருக்கும்போது பேஸ்ட் எதற்கு? புளியில் இருக்கிற அமிலம் பாசியையும் கறுப்பையும் கரைத்துவிடும், முழங்கை வலிக்கத் தேய்க்க வேண்டாம்.

குளியலறைக் குழாயில் வெள்ளை படிகிறது, பேஸ்ட்டுக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். எப்படிப் போகும்? உங்கள் தாம்பரத்து போர் தண்ணீர் விட்டுப்போகிற அந்த வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், பேஸ்ட்டில் இருப்பதும் அதேதான். சுண்ணாம்பை எடுக்கச் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியைக் குழாயில் அரைமணி சுற்றி வைத்து, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல். சோப்புப் படலம் என்றால் பேஸ்ட் போதும். தங்க நிறக் குழாயில் இரண்டையுமே தொட வேண்டாம்.

கார் முன்விளக்கு பாலிகார்பனேட். மேலே வெயிலைத் தாங்க ஒரு பூச்சு இருக்கும். வருஷக்கணக்கில் வெயில் பட்டுப் பூச்சு செத்துத்தான் மஞ்சளாகிறது. பேஸ்ட் போட்டால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், வீடியோவும் அதோடு முடிந்துவிடும். மிச்சமிருந்த பூச்சும் போய்விட்டதால் கொஞ்ச மாதத்தில் முன்னைவிட மோசமாக மஞ்சளாகும். ஆயிரம், இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புதுசாக வெயில் தாங்கும் பூச்சு அடிக்கிற ஆள் உங்கள் ஊரில் இருப்பான்.

மூக்குக்கண்ணாடியில் மட்டும் வேண்டாம் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடு. வெளிச்சம் அடிக்காமல் இருக்கப் போடுகிற பூச்சு மயிரிழைத் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. பேஸ்ட்டுக்கு அது ஒரு வாய்ச் சோறு. போன் திரையும் அப்படித்தான்.

மருமகள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இஸ்திரிப் பெட்டி செய்தது சரி, அடித்தட்டு வெறும் ஸ்டீலாக இருந்தால். ஆறின பெட்டியில் தேய்த்து, ஆவி வருகிற ஓட்டைகளைக் குச்சித்துணியால் சுத்தம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் உன் கறுப்புப் பேண்ட்டில் சாக்பொடி விழும். சுவரில் பேத்தி கிறுக்கின கிரேயான், எனாமல் பெயின்ட்டாக இருந்தால் போகும்; டிஸ்டம்பராக இருந்தால் சுவரே போகும். வெள்ளை ஷூவின் ரப்பர் விளிம்புக்கு அதைவிட நல்லது கிடையாது. ஸ்கூலில் டிரில் நாளில் பிரேயர் மணிக்கு முன்னால் வாத்தியார் மேஜையிலிருந்து சாக்குக்கட்டி எடுத்து கான்வாஸ் ஷூவில் தேய்ப்போமே, இது அதேதான், நனைத்தது. உன் பையன் வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது ஆணி ஓட்டையில் பேஸ்ட் அடைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். ஸார்பிட்டால் ஈரத்தைச் சீக்கிரம் விடாது, பிறகு காயக் காயச் சுருங்கும். அட்வான்ஸைத் திருப்பி வாங்கும்வரை தாங்கும், அதற்கு மேல் நான் பொறுப்பில்லை. பெயின்ட் கடையில் சுவர் ஓட்டை அடைக்கிற பட்டி சின்ன டப்பா வாங்கி அடைக்கச் சொல், மரியாதையாக இருக்கும்.

முறுக்குச் சுட்டபோது எண்ணெய் தெறித்து என் தங்கச்சி கையில் பேஸ்ட் தடவிக்கொண்டாள் என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. ஜில்லென்று இருப்பது புதினாவில் இருக்கிற மெந்தால் தோலை ஏமாற்றுவது. சூடு உள்ளே அப்படியேதான் இருக்கும், புண்ணில் கிருமியும் சேரும். இனிமேல் சுட்டால் உடனே இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டச் சொல். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டர். இப்போது ஆறிவிட்டதா என்று மறக்காமல் எழுது.

2028-இல் மகாமகம் வருகிறது. 2016-இல் கூட்டத்துக்குப் பயந்து வராமல் இருந்தாய். இந்தத் தடவை முன்னாடியே வந்து எங்கள் வீட்டில் தங்கிவிடு, ஜனதாவையும் எடுத்துக்கொண்டு வா. மருமகளுக்கு என் ஆசீர்வாதம். வெள்ளியைத் தவிர மற்றதில் அவள் செய்தது பெரும்பாலும் சரிதான் என்று நான் சொன்னதாகச் சொல். கண்ணாடி, கார் விஷயத்தை நீயே பதமாகச் சொல்லிக்கொள், அதில் என்னை இழுக்காதே.

அன்புடன்,
ராமு