மூன்று பெட்டியும் ஒரு ஜமக்காளமும்

கண்ணு,

உங்கள் மாடி அறை ஹோம் தியேட்டருக்கு எந்த ரிசீவர், அதாவது ஸ்பீக்கரையெல்லாம் ஓட்டுகிற பெட்டி, வாங்கலாம் என்று கேட்டு மாப்பிள்ளை அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். டெனான், மராண்ட்ஸ், யமஹா, மூன்றிலும் உச்சாணிக் கொம்பில் இருக்கிற மாடலாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார். "மாமாதான் இதையெல்லாம் வாங்கிப் புரட்டினவர், அவரையே கேள்" என்று அவர் சொன்னதாக நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. வாட்ஸப்பில் ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம்தான். ஆனால் சொல்ல வேண்டியது கொஞ்சம் நிறையவே இருக்கிறது, அதில் ஒன்று பெட்டியைப் பற்றியதே இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வாட்ஸ் கணக்கு. டெனான் எக்ஸ்8500எச்சில் சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 150 வாட்ஸ், மொத்தம் 13 சேனல் என்று போட்டிருப்பான். பெருக்கிப் பார்த்தால் 1950 வரும். முப்பது வருஷம் மோட்டார் காயில் சுற்றினவன் நான், எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்ததுமே சிரிப்புதான். பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பார், அது சுவரிலிருந்து இழுக்கிற கரண்ட் அதைவிட ரொம்பக் குறைவாக எழுதியிருக்கும். உள்ளே போவதைவிட வெளியே அதிகமாக வருமா? அந்த 150 என்பது இரண்டே இரண்டு சேனலை ஓட்டி அளந்தது, எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, படத்தில் எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் முழு மூச்சாகக் கத்துவது அபூர்வம். இன்னொன்று, 100 வாட்ஸ் 200 ஆனால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும். அதனால் 125க்கும் 150க்கும் நடுவே உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. நான் பெட்டியைத் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்புப் போடுவேன். அந்த டெனான் 23 கிலோவுக்கு மேல், கனத்தில் பெரும்பங்கு ட்ரான்ஸ்ஃபார்மர். அதைப் பரணில் வைக்கச் சொன்ன அன்றைக்குத்தான் உன் தம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

சரி, மூன்றில் எது என்று கேட்கிறாய். என்னிடம் யமஹா ஆர்எக்ஸ்-ஏ3080 இருந்தது உனக்குத் தெரியும். டெனான் வந்த பிறகு யமஹாவை விற்க மனசு வராமல் ஆறு மாதம் இரண்டும் வீட்டில் கிடந்தன. அப்போதுதான் திருப்பூர் மாமாவும் மராண்ட்ஸ் எஸ்ஆர்8015 வாங்கினார், ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டுக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். ஒர்க் ஷாப்பில் கிடந்த ஒரு பழைய சேஞ்ச் ஓவர் சுவிட்சைக் கழற்றி வந்து, முன்பக்க ஸ்பீக்கர் இரண்டின் ஒயரையும் அதில் கொடுத்து, ஒரு நேரத்துக்கு இரண்டு பெட்டி என்று மாட்டினேன். நான் உட்காரும் இடத்தில் மீட்டர் வைத்து இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன், இதுதான் முக்கியம், ஒன்று துளி சத்தமாக இருந்தாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். சுவிட்ச் அம்மா கையில், நடுவே ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியாயிற்று. அறைக்கு ஏற்றபடி சத்தத்தை அளந்து திருத்துகிற ரூம் கரெக்‌ஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டெனானா யமஹாவா என்று பத்து தடவை சொன்னேன். ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சுவிட்சைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்காக மூன்றும் ஒன்று என்று சொல்லவில்லை. டெனானும் மராண்ட்ஸும் 2002லிருந்தே ஒரே கம்பெனியின் கீழ் இருக்கிறவை, மெனு ஒன்று, ஆடிஸி என்கிற ரூம் கரெக்‌ஷன் ஒன்று. ஒரே மில் நூல், சாயம்தான் வேறு. மராண்ட்ஸில் எச்டாம் என்று தனிச் சர்க்யூட் வைக்கிறான், முகத்தில் அந்த வட்டக் கண்ணாடி வேறு, பார்க்க அழகு. திருப்பூர் மாமாவிடம் கேட்டால் பாட்டுக்கு அதுதான் என்று சத்தியம் பண்ணுவார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபோது அவருக்கும் தெரியவில்லை என்பதை மட்டும் அவரிடம் ஞாபகப்படுத்தாதே.

யமஹா வேறு குணம். 1887ல் ஆர்கன் ரிப்பேரில் தொடங்கிய வீடு அது, இன்னும் மூன்று டியூனிங் ஃபோர்க்கைத்தான் முத்திரையாக வைத்திருக்கிறான். நிஜமான கச்சேரி மண்டபங்களில் எதிரொலியை அளந்து அதைப் பெட்டிக்குள் போட்டிருக்கிறான், 1986லிருந்தே இந்த வேலையைச் செய்கிறான். ஒரு மார்கழி விடிகாலையில் நாதஸ்வரத்தை வியன்னா மண்டபத்தில் போட்டுக் கேட்டேன். கோயில் பிரகாரத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்து கேட்கிற மாதிரியே இருந்தது, பொய்யில்லை. வருஷத்தில் நாலு தடவைதான் அப்படிக் கேட்பேன், ஆனாலும் அந்தப் பெட்டியை விற்ற நாளில் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

உண்மையில் வித்தியாசம் தெரிவது ரூம் கரெக்‌ஷனைப் போட்ட பிறகுதான். போட்டுவிட்டுத் திரும்பச் செய்து பார்த்தபோது பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னேன், பேஸைக் கேட்ட உடனே தெரிந்துவிட்டது. டெனான்காரன் பெட்டிக்குள்ளேயே அட்டையில் மடித்து நிறுத்துகிற ஒரு கோபுரம் தருவான், தீப்பெட்டியில் நீ செய்வாயே அந்த மாதிரி. அதன் உச்சியில் மைக்கை வைத்து எட்டு இடத்தில் அளக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'வ்வீப்' 'வ்வீப்' என்று கூவும், நீ மூச்சுக்கூட விடக் கூடாது. இங்கே ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஆறாவது இடத்துக்கு வரும்போது குக்கர் விசில். சுற்றுச் சத்தம் அதிகம் என்று திரையில் எழுத்து வந்து நின்றுவிட்டது. அந்த ஆறாவது இடத்தை மூன்று தடவை அளந்தேன், மூன்றாவது தடவை கீரைக்காரம்மா. உனக்கு டாலஸில் அந்தத் தொல்லை இல்லை, ஏசியை மட்டும் நிறுத்திவிடு.

இதையெல்லாம்விடப் பெரிய பாடம் ஒன்று. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெனானில் சத்தம் கீச்சென்று கேட்டது, வசனமெல்லாம் தகரத்தில் தட்டின மாதிரி. பெட்டி போச்சு என்று நினைத்து ஒயரையெல்லாம் பிடுங்கி மாட்டினேன், சாஃப்ட்வேரை ரீசெட் செய்தேன், திரும்பவும் எட்டு இடத்தில் அளந்தேன், சாயங்காலம் ஆகிவிட்டது. பிறகு மாடிக்குப் போனால் பவானி ஜமக்காளம் கொடியில் காய்கிறது. அம்மா துவைத்துப் போட்டிருக்கிறாள். மொசைக் தரை, காங்கிரீட் கூரை, நடுவில் சத்தத்தை வாங்கிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். மூன்று பெட்டியை மாற்றி மாற்றிக் கேட்டும் பிடிபடாத வித்தியாசம் ஒரு ஜமக்காளத்தை எடுத்ததும் பிடிபட்டது.

அதனால் நான் சொல்வது இது. உங்கள் மாடி அறையில் கார்ப்பெட் இருக்கிறது, பாதி வேலை முடிந்தது. கூரை ஷீட்ராக், அதாவது ஜிப்சம் பலகை என்பதால் மேலே நாலு ஸ்பீக்கர் சுலபமாகப் பதிக்கலாம். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற அட்மாஸுக்கு 5.1.4, அதாவது சுற்றி ஐந்து ஸ்பீக்கர், சொந்த பவரில் ஓடும் சப் வூஃபர் ஒன்று, மேலே நாலு என்று போட்டால் ஒன்பது சேனல் போதும், பின்னால் இன்னும் இரண்டு வைத்தால் பதினொன்று. அந்த அறையில் சோபா பின்சுவரை ஒட்டி இருப்பதை வீடியோவில் பார்த்தேன், பின் ஸ்பீக்கருக்கு இடமே இல்லை, பிறகு 13 சேனல் எதற்கு? ஒன்பது சேனலில் நடுத்தர மாடல் ஒன்றை எடுத்துவிட்டு மிச்சப் பணத்தில் வசனம் வருகிற சென்டர் ஸ்பீக்கர் நல்லதாக ஒன்றும் பேஸுக்கான சப் வூஃபர் இரண்டும் வாங்குங்கள். ஒரு சப் என்றால் ஒரு நாற்காலியில் இடிக்கும், அடுத்த நாற்காலியில் காணாமல் போகும், இரண்டு வைத்தால் அது கொஞ்சம் சமனாகும். மாப்பிள்ளை கேம் ஆடுவார் என்றால் 2020ல் வந்த பழைய ஸ்டாக் மலிவாகக் கிடைக்கிறது என்று பாயாதீர்கள், படத்தையும் சத்தத்தையும் ஒரே ஒயரில் கொண்டுபோகிற எச்டிஎம்ஐயில் முதன்முதல் வந்த 2.1 சிப் இருந்த சில பெட்டிகளில், 4கேயில் நொடிக்கு 120 ஃபிரேம் வைத்தால் படம் வராமல் இருட்டடித்தது. ரிசீவரிலிருந்து வருகிற எச்டிஎம்ஐ ஒயரை டிவியில் இஆர்க் என்று எழுதியிருக்கிற துளையில் மாட்டுங்கள், டிவியின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வருவது அதன் வழியாகத்தான். குட்டி தூங்குகிற நேரத்தில் சென்டரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றி, மொத்தச் சத்தத்தைக் குறைத்துக்கொள், பேச்சு புரியும், சண்டைக்காட்சி வீட்டை எழுப்பாது. அம்மா சீரியல் பார்ப்பதும் அப்படித்தான்.

அடுத்தது, நீ வரும்போது எனக்கு அங்கிருந்து ஒரு ரிசீவர் வாங்கி வருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. அங்கே விற்பது 120 வோல்ட், நம் வீட்டுக் கரண்ட் 230. நீ ப்ளஸ் டூ படிக்கும்போது ஒன்று வந்து கருகிப்போனதே, ஞாபகம் இருக்கிறதா? நானே சுற்றிய ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா சுத்தம் செய்தபோது ஒயரை மாற்றிச் செருகிவிட்டாள் என்றுதான் உங்களுக்கெல்லாம் தெரியும், அவளும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறாள். அவள் இல்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் உர்ரென்று சத்தம் போடுகிறதே என்று அன்றைக்கு ராத்திரி நான்தான் கழற்றிப் பார்த்தேன், நடுவில் மில்லிலிருந்து ஃபோன், பேசி முடித்து வந்து இருட்டில் நேராக எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிட்டேன். டப்பென்றது, வார்னிஷ் கருகுகிற வாசம் வந்தது, அந்த வாசம் என்னவென்று ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும். காலையில் அவளே "நான்தான் பெருக்கும்போது எதையோ இழுத்துட்டேன் போல" என்று கண்கலங்கினாள், நான் சரி பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவள் இன்னும் டெனான் பக்கம் துடைக்கும்போது ஒயரைத் தொடாமல் சுற்றிப் போகிறாள், நேற்றும் பார்த்தேன். நீ வந்த பிறகு, நீ பக்கத்தில் இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் ஃபோனில் உளறிவிடாதே.

மாப்பிள்ளையை அறையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் அளந்து அனுப்பச் சொல்.

அப்பா