மாணிக்கத்துக்கு, மலேசியா, பேரா மாநிலம், சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முட்டியில் ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாய். இப்போது படி ஏற முடிகிறதா? கிள்ளானில் கீழ்வீடாகப் பார்க்கச் சொல்லி மகனிடம் பேசு, தள்ளிப் போடாதே. இங்கே எல்லோரும் சுகம். நாம் பிறந்த தோட்ட லயத்தில் மிச்சமிருந்த கடைசி வரிசையையும் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது, சுற்றிலும் செம்பனை. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுப் பிரட்டு எடுத்த இடம் எது என்று பேரனுக்குக் காட்டப் போனேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இனி ஓட்டுப் போட ஊருக்கு வரமாட்டேன். யாருக்குப் போட்டாலும் கடைசியில் எல்லாரும் ஒரே வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள். சபாநாயகர் நாற்காலியோடு இழுபட்ட சிவகுமாரும் என்ன கண்டார்?" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

2008 மார்ச் 8-ஆம் தேதி நீ விடியற்காலையிலேயே கிள்ளானிலிருந்து வந்துவிட்டாய். அம்மாவை உன் காரில்தான் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனோம். தேசிய முன்னணியின் தராசைத் தவிர வேறு சின்னம் அறியாதவர் அம்மா. அன்றைக்கு மாநிலத்துக்கு ஜனநாயகச் செயல் கட்சியின் (ஜ.செ.க.) ராக்கெட், நாடாளுமன்றத்துக்கு கெஅடிலான் கட்சியின் கண் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்று இரவு 1974-லிருந்து இந்தத் தொகுதியை வைத்திருந்த, தேசிய முன்னணியைச் சேர்ந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலு, டாக்டர் ஜெயக்குமாரிடம் 1,821 ஓட்டில் தோற்றார். பேரா சட்டமன்றத்தின் 59 இடங்களில் பிறகு மக்கள் கூட்டணியாகச் சேர்ந்த ஜ.செ.க., கெஅடிலான், பாஸ் கட்சிகளுக்கு 31, தேசிய முன்னணிக்கு 28. துரோனோ தொகுதியில் ஜ.செ.க. சார்பில் நின்ற சிவகுமார் சட்டமன்றத்துக்குள் போனார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சில வாரத்தில் சபாநாயகர். அந்த நாற்காலியில் ஓர் இந்தியர் உட்கார்ந்ததே பேராவில் அதுதான் முதல் முறை. அங்கி போட்ட அவருடைய படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அம்மா சாமி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தார்.

அது ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. 2009 பிப்ரவரியில் மூன்று பேர் கூட்டணியை விட்டு வெளியே போனார்கள். கெஅடிலான் கட்சியில் இரண்டு பேர், ஜ.செ.க.வில் ஜெலாப்பாங் உறுப்பினர். அந்த அம்மையார் சிவகுமாருக்குத் துணைச் சபாநாயகராக இருந்தவர். 28-க்கு 28 என்று ஆகிவிட்டது. மூவரும் சுயேச்சை என்று சொல்லிக்கொண்டு தேசிய முன்னணிக்குக் கை தூக்கினார்கள். சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் வைக்கலாம் என்று மாநில முதல்வரான மந்திரி பெசார் நிசார் கேட்டதை சுல்தான் ஏற்கவில்லை. பிப்ரவரி 6-ஆம் தேதி தேசிய முன்னணியின் சம்ரி மந்திரி பெசார் ஆனார்.

சிவகுமார் விட்டுக்கொடுக்கவில்லை. சம்ரியை 18 மாதமும் ஆட்சிக்குழுவினர் ஆறு பேரை 12 மாதமும் இடைநீக்கம் செய்தார். அது அதிகம் என்றே எனக்கு அப்போதும் பட்டது, நீதிமன்றமும் செல்லாது என்றது. ஆனால் மார்ச் 3-ஆம் தேதி சட்டமன்றக் கட்டடத்துக்குள் விடாதபோது, வெளியே ஒரு மரத்தடியிலேயே அவையைக் கூட்டினாரே, அதற்காக அவரை என்றைக்கும் மதிப்பேன். அந்த மரத்தைப் பார்க்கவென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். மரத்தடியில் சிறிது நேரம் நின்றார். "நம்ம கோயில் கூட்டம் மாதிரிதான் கூடியிருக்காங்க" என்றார்.

மே 7-ஆம் தேதி நான் செம்பனைக் குலை லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஒட்டுக்கடை தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ம.இ.கா.வின் ஆர். கணேசனைப் புதிய சபாநாயகர் என்று அறிவித்துவிட்டு, எழ மறுத்த சிவகுமாரை அங்கியோடும் நாற்காலியோடும் சேர்த்து வெளியே இழுத்துப் போனார்கள். இழுத்து வெளியே தள்ளப்பட்டவரும் நம்மவர், அந்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டவரும் நம்மவர். கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிவகுமாரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அப்போ நாங்க போட்ட ஓட்டு என்னாச்சுப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வழக்கு மேலே கீழே போய், 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் சம்ரிதான் மந்திரி பெசார் என்று முடித்து வைத்தது. அம்மாவின் கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

சிவகுமார் என்ன கண்டார் என்று கேட்டாய். 2013-இல் பத்து காஜா நாடாளுமன்றத் தொகுதியில் 38,000-க்கும் மேல் பெரும்பான்மை கண்டார். 2018-லும் 2022-லும் அதே மக்கள் அவரைத்தான் அனுப்பினார்கள். 2022 டிசம்பரில் மனிதவள அமைச்சர் ஆனார். ஒரு வருஷத்தில் அந்தப் பதவி போய்விட்டது. அப்போது நம்மவர்களுக்குள் எழுந்த ஆதங்கம் உனக்கும் தெரியும், எனக்கும் இருந்தது. அமைச்சர் பதவி பிரதமர் கொடுப்பது, அவரே எடுத்துக்கொள்ளலாம். துரோனோவும் பத்து காஜாவும் மக்கள் கொடுத்தவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே.

அப்புறம் 2022 மாநிலத் தேர்தல். அதில் உன் கோபம் எனக்குப் புரிகிறது. பெரிக்காத்தான் கூட்டணிக்கு 26, ஜ.செ.க. இருக்கும் பக்காத்தானுக்கு 24, தேசிய முன்னணியான பாரிசானுக்கு 9. ஒன்பது இடம் வைத்திருந்தவர்களிடம் மந்திரி பெசார் பதவி. 2009-இல் எதிரும் புதிருமாக நின்ற தராசும் ராக்கெட்டும் ஒரே ஆட்சிக்குழுவில். இன்னமும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தேர்தல் முடிந்த கையோடு, யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாததால், கட்சிகள் ஊரறியச் சேர்ந்தன. பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் நாம் காட்டலாம். 2009-இல் எங்கள் பெயரைச் சொல்லி வாங்கிய ஓட்டை மூன்று பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். தேர்தல் வைக்கச் சொன்னபோது அதையும் தரவில்லை. எனக்கு அது வேறு, இது வேறு.

இன்னொன்றும் மனசை உறுத்துகிறது. 2018-இல் நம் பக்கமான பக்காத்தானுக்கு 29 இடம், பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. எதிரணியிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தபோது நீயும் நானும் தொலைபேசியில் சந்தோஷப்பட்டோம். அவர்களுக்கு ஓட்டுப் போட்ட ஒரு தாய் அன்றைக்கு எங்கேயோ, "நாங்க போட்ட ஓட்டு என்னாச்சு?" என்று தன் மகனிடம் கேட்டிருக்கமாட்டாரா? அது நமக்குத் தோன்றவே இல்லையே. கட்சி தாவினால் இடம் போகும் என்ற சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 2022 அக்டோபர் 5-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பதின்மூன்று வருஷம் தாமதம். வந்ததே பெரிது. அன்று செய்தியைக் கேட்டதும் அம்மா படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன்.

நீ அறியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 2013 தேர்தலுக்கு வேலை இருக்கிறது என்று நீ வரவில்லை. அம்மாவுக்கு அப்போது நடக்க முடியாது. "போன தடவை போட்டதையே பிடுங்கிக்கிட்டாங்க, இந்த வெயில்ல எதுக்கும்மா?" என்று நானே சொன்னேன். உன் வாயில் இப்போது வருகிற அதே பேச்சு. அம்மா அன்று மதியம் வரை சாப்பிடவில்லை. கடைசியில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். நம் நாட்டுப் பொதுத் தேர்தலில் முதன்முதலாக விரலில் மை வைத்தது அந்த வருஷம்தானே. அந்த விரலை மடக்காமல் நீட்டியபடியே வீடு வரை வந்தார். பேராவில் அன்று வந்த முடிவு தேசிய முன்னணிக்கு 31, நமக்கு 28. அப்படியே தலைகீழ். இரவு சொன்னேன். "சரி, எண்ணிட்டாங்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

வாக்காளர் பட்டியலைப் பார்த்தேன். உன் பெயர் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது, மாற்றிவிடாதே. என் பேரனுக்கும் பதினெட்டு ஆகிவிட்டது, அவன் பெயர் தானாகவே ஏறியிருக்கிறது. அடுத்த தேர்தலுக்கு அவனையும் உன்னையும் ஒரே காரில் அழைத்துப் போகிறேன். முதல் நாளே வந்துவிடு. படி இல்லாத வீடு, முன் அறையில் உனக்குக் கட்டில் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
ராசு